அஞ்சாவது ஸ்ட்ரிங் ஆழத்துக்காக இல்ல

ஃபிரெட்லெஸ் பேஸ், அதாவது கழுத்துல குறுக்கால பதிக்கற ஃபிரெட்ங்கற உலோகக் கீற்று இல்லாத பேஸ் கிடார், வாசிக்கறேன்னு சொன்னா மத்த பேஸ்காரங்க "அட, நல்லா இருக்குமே"ன்னுவாங்க, அதுலயும் அஞ்சு ஸ்ட்ரிங்னு சொன்ன உடனே முகம் மாறிடும். ஃபிரெட் இல்லாம நாலு ஸ்ட்ரிங்ல சுருதி சேர்ந்து வாசிக்கறதுக்கே நாக்குத் தள்ளுது, இதுல தாம்புக்கயிறு மாதிரி தடியா இன்னொண்ணு வேறயா, எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு கேப்பாங்க. கேள்வி நியாயமானதுதான். ஆனா நான் வாசிச்சுப் பார்த்த வரைக்கும் அந்த அஞ்சாவது ஸ்ட்ரிங் வேலையைக் கூட்டல, குறைக்குது, அதுவும் ஃபிரெட் இருக்கற பேஸை விட ஃபிரெட்லெஸ்லதான் அதிகமா கை கொடுக்குது. இதைச் சொன்னா நம்பறவங்க கம்மி, அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதிடறேன்.

மொதல்ல கணக்கு. நாலு ஸ்ட்ரிங் பேஸ்ல கீழ இருக்கற ஈ 41 ஹெர்ட்ஸ் சொச்சம். அஞ்சாவதா வர்ற பி 30.87 ஹெர்ட்ஸ். அப்போ ஈ-க்குக் கீழ புதுசா கிடைக்கறது மொத்தமே அஞ்சு நோட்டுதான்: ஈ ஃபிளாட், டி, டி ஃபிளாட், சி, பி. இந்த அஞ்சு நோட்டுக்காக மட்டும் ஒருத்தர் இவ்வளவு அகலமான நெக்கையும் கூடுதல் வெயிட்டையும் சுமக்கறார்னா அது வீண்தான், நானே ஒத்துக்கறேன். ஒரு பாட்டு முழுக்க வாசிச்சாலும் அந்தக் கீழ்க்கோடி சி-யைத் தொடற எடம் ஒண்ணோ ரெண்டோதான் வரும், சில பாட்டுல வரவே வராது.

விஷயம் அங்க இல்ல. 34 இன்ச் ஸ்கேல்ல, அதாவது 864 மில்லிமீட்டர் கம்பி நீளத்துல, நட்டுலேர்ந்து, அதாவது கழுத்தோட தலைப்பக்கம் கம்பி உக்கார்ற கட்டையிலேர்ந்து, மொதல் ஃபிரெட் இருக்க வேண்டிய எடம் 48 மில்லிமீட்டர் தள்ளி. ஒரே ஒரு செமிடோனுக்கு, அதாவது பக்கத்துப் பக்கத்து ரெண்டு நோட்டுக்கு நடுவுல, அஞ்சு சென்டிமீட்டர் கிட்ட. ஃபிரெட் இருந்தா விரல் கொஞ்சம் முன்ன பின்ன விழுந்தாலும் ஃபிரெட்டு காப்பாத்திடும், இங்க காப்பாத்த ஆளே இல்ல. அந்தப் பக்கம் விரலை விரிச்சு விரிச்சு வைக்கறதும், அங்கேர்ந்து மேல தாவறதும், திரும்ப கீழ வர்றதும்தான் சுருதி தப்பற எடம். ஃபிரெட்லெஸ்ல ஒரு நோட்டு தப்பா போச்சுன்னா பாதிக்கு மேல அது தாவி வந்து இறங்கின நோட்டாதான் இருக்கும், கை ஒரே எடத்துல நிக்கறப்போ விரல்கள் தானா எடத்தைப் பிடிச்சுக்கும். இப்போ அஞ்சாவது ஸ்ட்ரிங் என்ன பண்ணுதுன்னு பாருங்க. நாலு ஸ்ட்ரிங்ல லோ எஃப் வேணும்னா ஈ ஸ்ட்ரிங்கோட மொதல் எடத்துக்குத்தான் போயாகணும், வேற வழி கிடையாது. அஞ்சு ஸ்ட்ரிங்ல அதே எஃப் பி ஸ்ட்ரிங்ல ஆறாவது எடத்துல இருக்கு, அங்க ஒரு செமிடோன் 36 மில்லிமீட்டர்தான். ஆள்காட்டி விரலை அஞ்சாவது எடத்துல, சுண்டு விரலை எட்டாவது எடத்துல வச்சுட்டா, அந்த லோ எஃப்ல ஆரம்பிச்சு எஃப் மேஜர் ஸ்கேல் ஒரு ஆக்டேவ் முழுசா ஏறி, அதுக்கு மேல அடுத்த ஆக்டேவ்ல டி வரைக்கும் கையை ஒரு இன்ச் கூட நகர்த்தாம வாசிச்சுடலாம். நாலு ஸ்ட்ரிங்ல இதே ஓட்டத்துக்கு ஒரு தடவையாவது தாவியே ஆகணும். பி ஸ்ட்ரிங்கை நான் வாங்கினது இந்த உக்கார்ற எடத்துக்குத்தான், ஆழம் ஒரு இலவச இணைப்பு.

இன்னொண்ணு இருக்கு, இதைப் பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்ல. ஃபிரெட்லெஸ்ல திறந்த கம்பியோட சத்தம் வேற, விரல் வச்ச நோட்டோட சத்தம் வேற. விரல் வச்ச நோட்டு சதையும் மரமும் சேர்ந்து தர்ற சத்தம், கொஞ்சம் மங்கலா ஆரம்பிச்சு அப்புறம் மலரும். திறந்த கம்பி நட்டுலேர்ந்து நேரா பளீர்னு வந்து நிக்கும். மெதுவான ஒரு பாட்டுல நடுவுல இப்படி ஒரு திறந்த ஈ வந்தா வேற யாரோ ஒருத்தர் உள்ள வந்து ஒரு நோட்டு வாசிச்சுட்டுப் போன மாதிரியே இருக்கும். நாலு ஸ்ட்ரிங்ல லோ ஈ-ன்னா அது திறந்த கம்பிதான், அதுக்கு வைப்ராட்டோ, அதாவது விரலை ஆட்டித் தர்ற அசைவு, கிடையாது, கீழேர்ந்து வழுக்கிட்டு வந்து அதுல சேர முடியாது. எத்தனையோ பாட்டு ஈ-லயும் ஈ மைனர்லயும் இருக்கறப்போ ஸ்கேலோட ஆதார நோட்டுக்கே இந்தக் கதின்னா எப்படி? பி ஸ்ட்ரிங்ல அஞ்சாவது எடத்துல அந்த ஈ விரலுக்கு அடியில இருக்கு. டி-லேர்ந்து வழுக்கிட்டு வரலாம், வந்து நின்னப்புறம் லேசா ஆட்டலாம், மெதுவா கீழ இறக்கி விடலாம். இந்த ஒரு நோட்டுக்காகவே நான் திரும்ப நாலு ஸ்ட்ரிங் ஃபிரெட்லெஸ் பக்கம் போகல.

வரலாறு கொஞ்சம் வேடிக்கையானது. நின்னுக்கிட்டு வாசிக்கற பெரிய டபுள் பேஸ்ல ஃபிரெட்டே கிடையாது, அதைச் சுருதி சுத்தமா வாசிக்க வருஷக்கணக்கா பழகணும்ங்கறதாலதான் 1951ல லியோ ஃபென்டர் எலக்ட்ரிக் பேஸ்ல ஃபிரெட் போட்டு வித்தார். பத்து வருஷத்துலயே, 1961ல, பின்னாடி ரோலிங் ஸ்டோன்ஸ்ல வாசிச்ச பில் வைமன் தன் பேஸ்லேர்ந்து ஃபிரெட்டைப் பிடுங்கிட்டு அப்படியே வாசிக்க ஆரம்பிச்சுட்டார். 1966ல ஆம்பெக் கம்பெனி ஃபிரெட் இல்லாத பேஸையே தயாரிச்சு விக்க ஆரம்பிச்சது, 1970ல ஃபென்டரும் அதே வழிக்கு வந்துட்டாங்க. அஞ்சு ஸ்ட்ரிங் கதை தனி. ஃபென்டர் 1965ல கொண்டு வந்த அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ்ல கூடுதல் கம்பி மேல போச்சு, ஹை சி. அது எடுபடல. கீழ பி போடலாம்ங்கற யோசனை 70கள்லதான் உருப்பட்டது, 1975ல ஆன்டனி ஜாக்சன்ங்கற பேஸிஸ்ட், கிடார் செய்யற கார்ல் தாம்சன்கிட்ட சொல்லி ஆறு ஸ்ட்ரிங்கே செஞ்சு வாங்கினார். ஃபிரெட்லெஸ்ஸும் அஞ்சு ஸ்ட்ரிங்கும் ஒண்ணா சேர்ந்தா என்னென்ன பண்ணலாம்னு தெரிஞ்சுக்கணும்னா கேரி வில்லிஸ் வாசிக்கறதைக் கேளுங்க. ஐபனீஸ் கம்பெனில அவர் பேர்ல வந்த பேஸே அஞ்சு ஸ்ட்ரிங் ஃபிரெட்லெஸ்தான்.

சரி, விரல் எங்க வைக்கறது? ஃபிரெட் உள்ள பேஸ்ல ஃபிரெட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி அழுத்துவோம். ஃபிரெட்லெஸ்ல ஃபிரெட் இருந்திருக்க வேண்டிய அந்தக் கோட்டு மேலயே விரல் உக்காரணும். ஃபிரெட் எடத்துல கோடு போட்ட ஃபிங்கர்போர்டு நல்லதா, போடாதது நல்லதான்னு இதுல ஒரு தீராத சண்டை. கோடு வச்சுக்கிட்டா அது ஏமாத்து வேலைன்னு ஒரு கூட்டம் சொல்லும். ஃபிரெட்லெஸ்ல பேர் போன ஜாகோ பாஸ்டோரியஸோட 1962 ஃபென்டர் ஜாஸ் பேஸ்ல ஃபிரெட்டைப் பிடுங்கின பள்ளத்தை அடைச்சது கோடு கோடா நல்லாவே தெரியும், அதை வச்சுக்கிட்டுத்தான் மனுஷன் 1976ல அந்த மொத ஆல்பத்தைப் போட்டார், அதுக்கப்புறம் பேஸ் வாசிக்கறதே வேற மாதிரி ஆயிடுச்சு. அவருக்கு உதவின கோடு நமக்குக் கௌரவக் குறைச்சலா? என்கிட்ட இருக்கறதுல கோடு கிடையாது, பக்கவாட்டுல புள்ளி மட்டும்தான். அது கொள்கை எல்லாம் இல்ல, கருப்பா வழவழன்னு இருக்கற அந்த எபோனி போர்டு பார்க்க அழகா இருந்தது, அவ்வளவுதான். இன்னொருத்தர் பேஸை வாங்கி வாசிக்கறப்போ மட்டும் இந்தப் புள்ளியை மொதல்ல கவனிங்க. ஃபிரெட் உள்ள பேஸ்ல பக்கவாட்டுப் புள்ளி ரெண்டு ஃபிரெட்டுக்கு நடுவுல இருக்கும், கோடில்லாத ஃபிரெட்லெஸ்ல நோட்டு இருக்கற எடத்துலயே இருக்கும், கோடு போட்டதுல ரெண்டு மாதிரியும் வரும். பழக்க தோஷத்துல நடுவுல வச்சீங்கன்னா மொத்த பாட்டும் கால் சுரம் தள்ளிப் போகும்.

எவ்வளவு தள்ளினா காதுக்குத் தெரியும்? ஒரு செமிடோனை 100 செண்டுன்னு பிரிச்சுக்கறோம். மொதல் ஃபிரெட் எடத்துல விரல் ஒரு மில்லிமீட்டர் தள்ளினா 2 செண்டு வித்தியாசம். பன்னிரண்டாவது எடத்துல அதே ஒரு மில்லிமீட்டர் 4 செண்டு. விரல் நுனியை லேசா உருட்டினாலே மூணு நாலு மில்லிமீட்டர் போயிடும், அப்போ மேல 12லேர்ந்து 16 செண்டு வரைக்கும் ஓடிடும், அது யார் காதுக்கும் தெரியும். கீழ எடம் அகலம்ங்கறதால விரிக்கறது கஷ்டம், மேல எடம் குறுகல்ங்கறதால நிறுத்தறது கஷ்டம், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அஞ்சுலேர்ந்து ஒன்பது வரைக்கும்தான் கைக்கு இதமான பிரதேசம். பி ஸ்ட்ரிங் இருந்தா வாழ்க்கைல முக்கால்வாசியை அங்கயே ஓட்டிடலாம்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதனாலதான்.

காதைப் பழக்க ஒரே வழி ட்ரோன், அதாவது விடாம ஒலிச்சுக்கிட்டே இருக்கற ஒரு சுருதி. தம்புராவோ, ஆப்போ, கீபோர்டுல ஒரு கீயை அமுக்கி வச்சதோ எதுவா இருந்தாலும் சரி. ஒண்ணு மட்டும் பண்ணிப் பாருங்க. கீழ டி-யை ஓட விட்டுட்டு, அது 73.4 ஹெர்ட்ஸ், அதுக்கு மேல எஃப் ஷார்ப்பைப் பிடிங்க, அதாவது மேஜர் தேர்ட், நம்ம கணக்குல அந்தர காந்தாரம். ட்யூனர் பார்த்துச் சரியா நடுவுல நிறுத்தினா ரெண்டும் சேர்ந்து ஒலிக்கறப்போ ஒரு அலை கேக்கும், விநாடிக்குக் கிட்டத்தட்ட மூணு தடவை ஏறி இறங்கும். ஒரு நோட்டுக்குள்ளயே அதோட மடங்குகள்ல ஒலிக்கற மேல் சுருதிதான் ஹார்மோனிக். டி-யோட அஞ்சாவது ஹார்மோனிக் 367 ஹெர்ட்ஸ், எஃப் ஷார்ப்போட நாலாவது 370, அந்த மூணு ஹெர்ட்ஸ் உரசல்தான் அது. இப்போ ட்யூனரை ஆஃப் பண்ணிட்டு விரலை நட்டு பக்கமா பொடிசா பின்னாடி உருட்டுங்க. அலை நிதானமாகும், நிதானமாகும், ஒரு எடத்துல நின்னே போயிடும். சுமார் 14 செண்டு கீழ வந்திருப்பீங்க. ரெண்டு நோட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காந்து மரமே அதிர்றது வயித்துல தெரியும். பாடறவங்களும் வயலின் வாசிக்கறவங்களும் தானா போய் நிக்கற எடம் அதுதான். ஃபிரெட் உள்ள பேஸ்ல இந்த எடம் கிடையவே கிடையாது. ஆனா கூட கீபோர்டு வாசிக்கறவர் அதே நேரத்துல அந்தத் தேர்டைப் பிடிச்சார்னா அவரோடது 14 செண்டு மேலதான் இருக்கும், அப்போ நாமதான் அவர்கிட்டப் போகணும், அவரால வர முடியாது. சுருதி சுத்தம்னா என்னங்கறது பக்கத்துல யார் நிக்கறாங்கங்கறதைப் பொறுத்து மாறும்.

இப்போ பி ஸ்ட்ரிங்கோட வில்லங்கத்தையும் சொல்லிடணும், இல்லன்னா ஒருதலைப்பட்சமாயிடும். 0.130 இன்ச் தடிமன் உள்ள கம்பி, தொளதொளன்னு இருக்கும். பலமா அடிச்சா அடிச்ச வேகத்துல சுருதி கொஞ்சம் ஏறி அப்புறம்தான் கீழ இறங்கும். ட்யூனர் பாதி நேரம் திணறும், அதனால பன்னிரண்டாவது எடத்து ஹார்மோனிக்கைத் தொட்டுத்தான் ட்யூன் பண்றேன். 35 இன்ச் ஸ்கேல் பேஸ்ல அதே கம்பிக்கு இழுவிசை கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும், அது உண்மையிலேயே தெரியற வித்தியாசம்தான், ஆனா எல்லா எடமும் அதே விகிதத்துல அகலமாகும். என் கைக்கு 34 போதும். அப்புறம் அந்த ஆழத்துல சுருதி காதுல விழறதே பெரிய விஷயம். 31 ஹெர்ட்ஸ்னா ஒரு அதிர்வு முடிய 32 மில்லி செகண்டு ஆகுது. 120 டெம்போல பதினாறாம் நோட்டு வாசிச்சா ஒரு நோட்டுக்கு 125 மில்லி செகண்டுதான், கம்பி நாலு தடவை கூட ஆடி முடிக்காது, அதுக்குள்ள அடுத்த நோட்டு. சின்ன ஸ்பீக்கர்ல அந்த அடிப்படை ஒலி வரவே வராது, மேல இருக்கற ஹார்மோனிக்கை வச்சு மூளையே கீழ ஒரு நோட்டு இருக்கறதா கட்டிக்கும். அதனால வேகமான கீழ் நோட்டுல அஞ்சாறு செண்டு தப்பினா ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல. நீளமா நிக்கற நோட்டுலயும், மேல ஜி ஸ்ட்ரிங்ல பாடற எடத்துலயும்தான் குட்டு வெளிப்படும். பயிற்சி நேரத்தை அங்க செலவழிங்க.

எல்லாரும் ஃபிரெட்லெஸ் வாங்கறது அந்த "ம்வா"ங்கற சத்தத்துக்காகத்தான், அது கையில பாதி, செட்டப்ல பாதி. கம்பி அதிர்றப்போ போர்டு மேல நீளமா லேசா உரசிக்கிட்டே போகணும், அந்த உரசல்தான் நோட்டு ஆரம்பிச்ச அப்புறம் மேல் ஹார்மோனிக்கெல்லாம் எழுந்து வர வைக்கறது. அதுக்கு நெக் கிட்டத்தட்ட நேரா இருக்கணும், வளைவு 0.1 இல்ல 0.2 மில்லிமீட்டர் போதும். நட்டுல பள்ளம் ரொம்பக் கீழ வெட்டியிருக்கணும், கம்பிக்கும் போர்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவுதான். ஃபிரெட் பேஸ்ல இருந்த நட்டையே விட்டுட்டு "என்னோடது ம்வா வரல"ன்னு புலம்பறவங்க நிறைய. ஆனா பி ஸ்ட்ரிங்குக்கு மட்டும் கொஞ்சம் எடம் விடணும், அது பெருசா ஆடற கம்பி, ரொம்பக் கீழ வச்சா பாடறதுக்குப் பதிலா தடதடங்கும். பிரிட்ஜ், அதாவது கம்பி முடியற கோடி, அதுக்குப் பக்கத்துல கம்பியோட அதிர்வை சிக்னலா மாத்தற பிக்கப்பைக் கொஞ்சம் தூக்கி வச்சு, விரலையும் பிரிட்ஜ் பக்கமா வச்சு வாசிச்சா சத்தம் இறுகி மூக்கால பாடற குணம் வரும். இது எல்லாமே சீசனுக்கு சீசன் மாறும், மரம் ஈரத்தைக் குடிக்கும், காயும், நெக் வளைவைச் சரி பண்ற டிரஸ் ராடைக் கால் திருகு திருப்பிக்கிட்டே இருக்கணும். இதுல சலிச்சுக்கறவங்களுக்கு ஃபிரெட்லெஸ் வேணாம். ஆனா செட்டப் எல்லாம் சரியா இருந்தும் பேஸ் மேலயே பழி போட்டுக்கிட்டிருந்தா அது ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்.

ஸ்ட்ரிங் விஷயத்துல வழவழன்னு தட்டையா சுருள் சுத்தின ஃபிளாட்வவுண்டு போட்டா போர்டுக்கு நல்லது, சத்தம் டபுள் பேஸ் பக்கமா போகும். உருண்டைச் சுருள் சுத்தின ரவுண்டுவவுண்டு போட்டா சத்தம் பாடும், ஆனா அதோட சுருள் மரத்தை அரம் போடற வேலையைப் பண்ணும். ஜாகோ போர்டு மேல படகுக்கு அடிக்கற எபாக்ஸியைப் பூசினது இதுக்காகத்தான். நான் நிக்கல் ரவுண்டுதான் போடறேன், போர்டுல விரல் அதிகம் புழங்கற எடத்துல மெல்லிசா கோடு விழுந்திருக்கு, விரல் நகத்தால தடவினா தெரியும். ரொம்ப ஆழமானா இழைச்சு நேர் பண்ணிக்கலாம்.

வலது கைதான் அஞ்சு ஸ்ட்ரிங்ல உண்மையான புது வேலை. ஏ-லயோ டி-லயோ ஒரு நோட்டு அடிச்சா பி ஸ்ட்ரிங் சும்மா இருக்காது, அதுவும் கூடவே முனகும், ஆம்ப்ல அது மொத்தத்தையும் சகதியாக்கிடும். கட்டை விரலை பிக்கப் மேல ஊனி வச்சுட்டு வாசிக்கற பழக்கம் இங்க வேலைக்கு ஆகாது. விரல் மேல போகப் போக கட்டை விரலும் கூடவே நகர்ந்து, கீழ இருக்கற கம்பிகள் மேல படுத்துக்கிட்டே போகணும். வில்லிஸ் பேஸ்ல பிக்கப் பக்கத்துல ஒரு மரப்பலகை வச்சிருப்பார், விரல் கம்பிக்கு அடியில ஆழமா இறங்காம அது தடுக்கும். மெல்லமா தொட்டு, வால்யூமை ஆம்ப்ல ஏத்திக்கங்கறதுதான் அவர் கட்சி. பி ஸ்ட்ரிங்கை வழிக்குக் கொண்டு வர இதை விட நல்ல யோசனை நான் பார்க்கல.

வழுக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை. ஃபிரெட் இல்லைன்னதும் எல்லா நோட்டுக்கும் சறுக்கிட்டே போகத் தோணும், கமகம் கேட்டு வளர்ந்த காதுன்னா கேக்கவே வேணாம். பேஸோட வேலை முதல்ல தரையைப் போடறது. ட்ரம்ஸோட கிக் விழற எடத்துல நோட்டு நேரா விழணும், சறுக்கல் ஒரு ஃபிரேஸோட கடைசில ஒண்ணு வந்தா போதும். வைப்ராட்டோவும் அப்படித்தான். கம்பியைக் குறுக்கால வளைக்கறது கிடையாது, வயலின் மாதிரி நீளவாக்குல விரலை உருட்டறது, அதுவும் நோட்டு நின்னப்புறம் ஆரம்பிக்கணும். விழுந்த உடனே ஆட்ட ஆரம்பிச்சா சுருதியைத் தேடிக்கிட்டிருக்காருன்னு எதிர்ல இருக்கறவங்களுக்குப் புரிஞ்சுடும்.

ரெக்கார்டிங்ல என் டிராக்கை மட்டும் தனியா போட்டுக் கேட்டா எங்கேயாவது நாலு எடம் நெருடும், மிக்ஸ்ல போட்டா அதுல மூணு காணாம போயிடும். கோரஸ் எஃபெக்ட் போட்டா நாலாவதும் காணாம போயிடும், அது சுருதியையே லேசா அகலப்படுத்திடுது, 80கள்ல ஃபிரெட்லெஸ்னாலே கோரஸ்னு ஆனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு எனக்கு ஒரு சந்தேகம். ஸ்டேஜ்ல மானிட்டர் நல்லா இருந்தா எந்தக் கவலையும் இல்ல. மானிட்டர் மோசம், ட்ரம்ஸ் காதுக்குப் பக்கத்துல, கிடார் ஆம்ப் ரெண்டு பக்கமும் அலறுது, என் நோட்டு எனக்கே கேக்கலன்னா காதை வச்சு என்ன பண்றது? புள்ளியைப் பார்த்துக்கிட்டேதான் வாசிக்கணும், அதுவும் இருட்டுல. அந்த மாதிரி எடம்னு முன்னாடியே தெரிஞ்சா ஃபிரெட் இருக்கற பேஸை எடுத்துட்டுப் போயிடுவேன். அதுவும் அஞ்சு ஸ்ட்ரிங்தான்.